நாய் வாயில் கிடப்பதை நாம் பார்க்கவில்லை

ராஜபாளையம் நாய் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் பெயர் சொன்ன நாய். அதே உரையில் அவர் உள்ளூர்ப் பொம்மைகளைப் பற்றியும் பேசினார். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான், யோசிக்கவில்லை.

ரீல்ஸ் புண்ணியத்தில் 2025-ல் நம் கூமாப்பட்டியை ஊரெல்லாம் தெரிந்துகொண்டது. பிளவக்கல் அணையையும் தோப்பையும் காட்டினோம், வெள்ளை நாயையும் பெருமையாகக் காட்டுகிறோம். அது எதைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. வார் அறுந்த செருப்பு, கறிச் சோற்றில் மிஞ்சிய எலும்பு, பிரி பிரிந்த கயிறு, பையன்கள் விளையாடி ஓய்ந்த பந்து. நமக்கு வேண்டாதது எதுவோ அதுவே நாய்க்கு விளையாட்டுச் சாமான். "நாய்க்கு எதுக்குய்யா பொம்மை?" என்று கேட்டுப் பழகிய வாய் நம்முடையது.

தோப்பில் கிடக்கும் ஒரு ரப்பர் பந்தை எடுத்துப் பாருங்கள். சாயம் போய், ஒட்டு வாய் பிளந்திருக்கும். ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் காணாது. அந்தத் துண்டு எங்கே போனது என்று நம்மில் யாரும் தேடியதில்லை. அது நாயின் குடலில் இருக்கலாம். கயிற்றுப் பிரி இன்னும் மோசம். ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருக்குப் பையின் வாய் மாதிரி மடிந்து மடிந்து, கடைசியில் அறுபட்டும் போகும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். டென்னிஸ் பந்தின் மேல்துணியில் மண் ஏறிவிட்டால் பல்லை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்க்கும்.

குட்டிக்கு நாலு மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் 28 பால்பல்லும் விழுந்து 42 பல் முளைக்கும். ஈறு ஊறும், கண்டதையும் கடிக்கும். அந்த வயதில் கொடுத்த சின்னப் பந்தையே, இரண்டடிக்கு மேல் வளர்ந்த பிறகும் விட்டுவைக்கிறோம். வளர்ந்த நாயின் கடைவாய்க்குள் நுழையும் பந்து தொண்டையை அடைத்துவிடும். இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட குட்டிக்கும் கீச்சுப் பொம்மை வாங்கிப் போடுகிறோம். சத்தம் அதற்குக் கேட்காது. உள்ளே இருக்கும் ஊதல் மட்டும் வயிற்றுக்குப் போகும். "விடு" என்று நாம் கத்துவதும் கேட்காது. கிட்டப்போய்க் கையால்தான் எடுக்க வேண்டும்.

கடையில் வாங்கியது என்றால் பயமில்லை என்று நம்பியதும் தப்பு. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குக் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கானது. நாய்ப் பொம்மை அந்தக் கணக்கில் வராது. அங்கே சோதிக்கும் ஆள் நாம்தான். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் பல் உடையும். விரிசல் விட்டாலோ, துண்டு குறைந்தாலோ, நூல் பிரிந்தாலோ, பஞ்சு தெரிந்தாலோ அன்றே தூக்கி எறிய வேண்டும். இதற்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். சாயங்காலம் சோறு வைக்கும் நேரத்தில் ஒரு பார்வை போதும். அதைக்கூட நாம் செய்யவில்லை.

நம் தோப்புகளில் கிடக்கும் ஆபத்து ஒன்று உண்டு: மாங்கொட்டை. வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், குடலில் சிக்கினால் நகராது. அடிக்கடி வாந்தி, சோற்றைத் திரும்பியும் பார்க்காமை, வெளிக்குப் போகாமை என்று தெரிந்தால், "தானா வந்துரும்" என்று காத்திருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தோப்புக்காரர்களே, காய்ப்பு முடியும்வரை கொட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் போடுங்கள்.