பறவைத் தீவுக்குப் போகலாமா?

காகம் கூடு கட்டியிருக்கும் மரத்தின் கீழே நடந்து போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? எங்கிருந்தோ பறந்து வந்து, தலையில் 'டொக்'கென்று ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும்! நமக்குக் கோபம் வரும். ஆனால், காகத்துக்கு நம்மீது பகை எதுவும் இல்லை. கூட்டில் குஞ்சு இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிக் குஞ்சைக் காக்கும் பறவைகள், ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி வடகடலில் இருக்கும் பார்ன் தீவுகள் அப்படிப்பட்ட இடம். சிறிய பாறைத் தீவுகளின் கூட்டம் இது. 1925-ஆம் ஆண்டு முதல் 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பு இவற்றைப் பராமரித்து வருகிறது. கோடைக் காலத்தில் சீஹவுசஸ் என்ற சிற்றூரிலிருந்து மக்கள் படகில் வந்து பறவைகளைப் பார்க்கிறார்கள். வரும்போது தொப்பி கொண்டு வரச் சொல்வார்கள். ஏன் தெரியுமா? வழியோரம் கூடு வைத்திருக்கும் ஆர்க்டிக் ஆலாக்கள் தலையில் கொத்தும்!

இந்த ஆலா சாதாரணப் பறவை அல்ல. 2015-ஆம் ஆண்டு பார்ன் தீவுகளில் ஓர் ஆலாவின் காலில் மிகச் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அது தென்துருவப் பகுதிக்குப் போய், 2016-இல் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. மொத்தம் பறந்த தூரம் சுமார் 96,000 கிலோ மீட்டர்! பூமியை இரண்டு முறை சுற்றி வருவதைவிட அதிகம். இத்தனை பாடுபட்டு அது வந்து சேருவது, வெறும் தரையில் இரண்டு மூன்று முட்டை இடுவதற்காக. முட்டைகளும் மண்ணின் நிறத்திலேயே இருக்கும். பார்க்காமல் கால் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்ண அலகு கொண்ட பஃபின் பறவை மண்ணில் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். மண் மெத்தென்று இருப்பதால், மேலே மனிதர் நடந்தால் வளை இடிந்து விழும். கில்லிமாட் என்ற பறவை கூடே கட்டாது. பாறை விளிம்பில் ஒற்றை முட்டையை இட்டு அடைகாக்கும். சத்தத்துக்குப் பயந்து அது சட்டென்று எழுந்து பறந்தால், முட்டை உருண்டு கீழே விழலாம். அல்லது அருகில் காத்திருக்கும் கடற்காகம் கொத்திக்கொண்டு போகலாம். நமக்கு அது ஒரு நொடி வேடிக்கை. அந்தப் பறவைக்கோ ஓர் ஆண்டு உழைப்பு!

"அப்படியானால், குஞ்சு வளர்ந்த பிறகு போய்ப் பார்த்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால், குஞ்சு வளர்ந்ததும் இந்தப் பறவைகள் கடலுக்குப் போய்விடும். பிறகு தீவில் வெறும் பாறைதான். எந்தக் காலத்தில் தொந்தரவு செய்யக் கூடாதோ, அந்தக் காலத்தில்தான் அவற்றைப் பார்க்கவே முடியும். இதுதான் சிக்கல்.

ஆகவே, "மனிதர்கள் போகவே கூடாது, தீவுகளைப் பூட்டி வைக்க வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால், அதை அப்படியே ஏற்க மாட்டேன்.

சுவீடன் நாட்டில், பால்டிக் கடலில் ஸ்டோரா கார்ல்சோ என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கும் கில்லிமாட் பறவைகள் ஏராளம். 2020-இல் கொரோனா காரணமாக அங்கே சுற்றுலாப் பயணிகள் வருவது வெகுவாகக் குறைந்துபோனது. பறவைகள் நிம்மதியாக இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு! மனிதர்கள் அதிகம் இல்லாததால், வெள்ளைவால் கடற்கழுகுகள் வழக்கத்தைவிட ஏழு மடங்கு அதிகமாக வந்தன. கழுகைக் கண்டு கில்லிமாட்கள் திரும்பத் திரும்ப முட்டைகளை விட்டுவிட்டு ஓடின. அந்த ஆண்டு குஞ்சு பொரித்து வளர்ப்பது 26 சதவீதம் குறைந்தது. ஒழுங்காக வந்து போன மனிதர்கள், தங்களுக்கே தெரியாமல் அந்தப் பறவைகளுக்குக் காவலாக இருந்திருக்கிறார்கள்!

எனவே என் கருத்து இதுதான்: போகலாம், ஆனால், பறவை வகுத்த சட்டப்படி போக வேண்டும். பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாம் எப்படிப் போவோம்? கை கால் கழுவிக்கொண்டு போவோம். மெல்லப் பேசுவோம். தூங்கும் குழந்தையை எழுப்ப மாட்டோம். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவோம். பறவைத் தீவும் பிள்ளை பிறந்த வீடுதான். போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. கூச்சல் கூடாது. இன்னும் நல்ல புகைப்படம் வேண்டும் என்று கூட்டை நெருங்கக் கூடாது. தாய் எழுந்து பறந்தால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "இன்று வேண்டாம்" என்றால், முகம் சுளிக்காமல் திரும்புவதும் நல்ல விருந்தாளியின் குணம். 2022-இல் பார்ன் தீவுகளில் பறவைக் காய்ச்சல் பரவி, ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. அந்த ஜூலையில் தீவுகளை மூடினார்கள். 2023-இலும் யாரையும் இறங்க விடவில்லை. நெடுந்தூரத்திலிருந்து ஆசையோடு வர இருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அது சரியான முடிவு. நம் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடலாம்; இறந்த பறவையைத் திருப்பிக் கொண்டு வர முடியுமா? 2024-இல் இன்னர் பார்ன் தீவை மீண்டும் திறந்தார்கள். அந்த ஆண்டு கணக்கெடுப்பில், பார்ன் தீவுகளில் சுமார் 50,000 இணை பஃபின்கள் இருந்தன. மகிழ்ச்சியான செய்தி, இல்லையா?

பார்ன் தீவுகள் நமக்கு வெகு தூரம். ஆனால், இந்தப் பண்பு தூரம் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே வருபவை கடற்பறவைகள் அல்லதான். ஆனால், எந்தப் பறவை என்றாலும் தாய் தாய்தானே?

அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவில் வேடந்தாங்கல் போனால், கை தட்டிப் பறவைகளைக் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வரும். அப்போது ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்தச் சிறகுகளுக்குக் கீழே முட்டைகள் இருக்கின்றன. நண்பர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே, செல்லங்களே?