கோடு பொருந்தினால் போதுமா?

திரையில் கோட்டின்மேல் கோடு படிந்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று எண்ணும் வழக்கம் நம் ஆய்வுக்கூடங்களில் வேரூன்றி வருகிறது. எக்ஸ்-கதிர் உறிஞ்சலைப் பயிலும் நண்பர்களிடம் இதை மிகுதியாகக் காண்கிறேன். இதை நான் ஒப்பவில்லை.

உறிஞ்சல் விளிம்பிற்கு அப்பால் தெரியும் சிற்றலைகளைப் பூரியர் உருமாற்றம் செய்தால் அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவுகள் வெளிப்படும் என்று 1971இல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் ஆகிய மூவர் காட்டினர். அன்றுதொட்டு ஒரு கேள்வி இத்துறையை விட்டபாடில்லை. அலை எது, அலையைத் தாங்கும் பின்னணி எது? பின்னணியைத் தனியே அளக்க வழியில்லாததால் வளைகோடு ஒன்றை வரைந்து கழிக்கிறோம். அக்கோடு எவ்வளவு நெளியலாம் என்பதைத் தொலைவு எல்லை ஒன்றால் கட்டுகிறோம். வழக்கமாக அது 1 ஆங்ஸ்ட்ராம்.

இங்கேதான் வினை. உருமாற்றப் படத்தின் தொடக்கத்தில் அழகற்ற மேடு நின்றால், அதை ஒழிக்க எல்லையை 1.5 வரை ஏற்றிவிடுகிறார்கள். உலோக ஆக்சைடில் ஆக்சிஜன் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருந்தாலும், கட்டத் திருத்தம் செய்யாத படத்தில் அதன் முகடு 1.5 அருகே அன்றோ தோன்றும்! களை பறிக்கப் போய்ப் பயிரைப் பிடுங்குகிறோம். ஆறு அண்டை அணுக்கள் ஐந்தாகின்றன. உடனே, 'ஆக்சிஜன் வெற்றிடம் கண்டோம்' என்று கட்டுரை! மேடு ஏன் வந்தது என்று கேட்பாரில்லை. சமமாகப் பரவாத மாதிரியாக இருக்கலாம். விளிம்பிற்கு முந்திய கோடு பிசகியிருக்கலாம். அங்கே திருத்துவதே முறை.

பொருத்துதலிலும் இதே ஆசைதான். ஒவ்வொரு கூட்டிற்கும் அணு எண்ணிக்கை, தொலைவு, அதிர்வுச் சிதறல், ஆற்றல் பெயர்ச்சி என்று நான்கு மாறிகளை அவிழ்த்துவிடுகிறார்கள். அலை எண் 3 முதல் 12 வரையும், தொலைவு 1 முதல் 3 வரையும் எடுத்தால் தரவிலுள்ள தனித்த செய்திகள் சுமார் 11. மூன்று கூடுகளுக்கோ மாறிகள் 12! கடன் வாங்கி நடத்தும் குடித்தனம் இது. போதாக்குறைக்கு, எண்ணிக்கை ஏறினால் சிதறலும் உடன் ஏறி அதை மறைத்துவிடும். ஆற்றல் பெயர்ச்சிக்கும் தொலைவுக்கும் அதே உறவு. ஆற்றல் 10 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பெயர்ந்தாலோ, சிதறல் எதிர்க்குறி பெற்றாலோ, பொருத்தம் எவ்வளவு அழகாயினும் ஐயுற வேண்டும்.

செம்பை ஆராய்வோர் முதலில் செம்புத் தகட்டைப் பொருத்தட்டும். 2.55 ஆங்ஸ்ட்ராமில் 12 அணுக்கள் என்பது தெரிந்த விடை. அதில் கிடைக்கும் வீச்சுக் காரணியை நிலையாக வைத்துக்கொண்டு தம் மாதிரிக்கு வரலாம். ஒரு மாறியாவது குறையும். அலை எண் எடை 1, 2, 3 மூன்றிலும் விடை நிலைத்து நிற்கிறதா என்றும் பார்க்கட்டும்.

'இதற்கெல்லாம் நேரமேது, வழிகாட்டி விரட்டுகிறாரே' என்பார்கள். இந்தூரின் இண்டஸ்-2இல் நமக்குக் கிடைப்பதே சில நாட்கள். ஊரை விட்டு வந்த நாம், இட்லியையும் மறந்து இரவெல்லாம் கண்விழித்துத் தரவு திரட்டுகிறோம். அதைக் கெடுக்க ஒரு பிற்பகல் போதும். எனவே ஒரு வேண்டுகோள்: பின்னணி எல்லை, எடுத்த வீச்சு, மாறிகளின் எண்ணிக்கை மூன்றையும் ஆய்வேட்டில் அச்சிடுங்கள். கழிக்காத மூலத் தரவையும் பின்னிணைப்பில் சேருங்கள்.