பூட்டிய பெட்டிக்குள் சாவி

வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய அனுபவம் உங்களுக்கு உண்டா? 1990-களில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை சகஜம்.

அன்று ஒரு சாஃப்ட்வேரைச் சுருக்காமல் அனுப்புவது தண்டச் செலவு. நொடிக்கு 9,600 பிட் வேக மோடமில் 10 மெகாபைட் கோப்பு வந்து சேர ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் முக்கால் மணி. பழைய கம்ப்ரஸ் புரோகிராமின் உத்திக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அந்த வில்லங்கம் இல்லாத ஜிஜிப்பை 1992-ல் ழான் லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லோரும் அதற்கு மாறினார்கள். ஆனால் ஜிஜிப் இல்லாத எந்திரத்துக்கு ஜிஜிப்பையே ஜிஜிப்பால் சுருக்கி அனுப்பினால்? நல்லவேளை, சுருக்காத வடிவத்திலும் அதை வெளியிட்டார்கள்.

ஐரிக்ஸ் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் யூனிக்ஸ் அது. 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் அந்தச் சிறுமி உட்கார்ந்து இயக்குவது அதைத்தான். எந்திரம் வாங்கினால் போதாது, கம்பைலருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கம்பைலர் இல்லாதவரிடம் மூல நிரலைக் கொடுப்பது, ரைஸ் மில் இல்லாத ஊரில் நெல் மூட்டையை இறக்குவது போல. ஜிசிசி என்ற இலவசக் கம்பைலர் இருக்கிறதே என்பீர்கள். அதைக் கம்பைல் செய்யவும் ஒரு கம்பைலர் வேண்டும்!

ஆகவே யாராவது அரிசியாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. நிறுவனமே இலவச சாஃப்ட்வேர்களைத் தயார் நிலை பைனரிகளாக்கி, ‘டார்டிஸ்ட்’ என்ற பொட்டலங்களாக வழங்கியது. ஐரிக்ஸோடு வரும் இன்ஸ்டாலரே அவற்றைப் பிரிக்கும், வேறு கருவி தேவையில்லை. சாவி வெளியே இருந்தது.

பொட்டலம் கட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. ஆர்10000 சிப்புக்கென்று கம்பைல் செய்தது பழைய ஆர்4000 சிப்பில் ஓடாது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பழையதற்கும் புரியும் கட்டளைகளோடு நிறுத்திக்கொண்டால்தான் எல்லோருக்கும் பயன்படும். கூடவே நம்பிக்கைப் பிரச்னை. முகம் தெரியாதவர் கொடுத்த பைனரிக்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாது. வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்குச் சரிபார்ப்பு எண் அத்தாட்சி. கட்டியவரே கைவைக்கவில்லை என்பதற்கு அந்த எண்ணும் அத்தாட்சி அல்ல.

கடை மூடும்போதுதான் உண்மையான சோதனை. 2006-ல் ஐரிக்ஸ் எந்திரங்களின் உற்பத்தி நின்றது. 2009-ல் நிறுவனம் திவாலாகி வேறு கைக்குப் போனது. 2013-ன் இறுதியோடு ஐரிக்ஸுக்கான ஆதரவும் முடிந்தது. எந்திரங்கள் மட்டும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்வலர்கள் ‘நெகோவேர்’ என்ற பெயரில் பொட்டலங்களைத் தாங்களே கட்டினார்கள். 2018-ல் அவர்களின் தளமும் மூடப்பட்டது. பிரதி எடுத்து வைத்திருந்தவர்களால் பொட்டலங்கள் பிழைத்தன.

பிழைத்தால் போதுமா? அரிசியைப் பொங்கிச் சாப்பிடலாம், விதைக்க முடியாது. பைனரியும் அப்படித்தான். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அதை அடைக்க மூல நிரல் வேண்டும், அது எப்படிக் கம்பைல் செய்யப்பட்டது என்ற குறிப்பும் வேண்டும். 1991-ல் வந்த ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, பைனரி தருபவர் மூல நிரலையும் தர வேண்டும், அல்லது கேட்டால் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. பலர் இதைச் சட்டத் தொல்லையாக நினைத்தார்கள். அது விதைநெல்லைக் கோட்டை கட்டி வைக்கும் ஏற்பாடு என்பது கடை மூடிய பிறகுதான் புரிகிறது.

உங்கள் அலுவலக மூலையிலும் இப்படி ஒரு பழைய எந்திரம் உழைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கான சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது, எதைக் கொண்டு அதைப் பிரிப்பது என்று இன்றே பார்த்து வையுங்கள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பது போலத்தான்.