தூக்கி எறியச் சொல்லும் நண்பர்களுக்கு

2004இல் இதழ்ப்பணிக்கென நாங்கள் வாங்கிய மேசைக்கணினியின் வன்தட்டு அண்மையில் டக் டக்கென்று ஒலியெழுப்பத் தொடங்கியது. பழுதுபார்க்க வந்தவர் பக்கத்தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இனி எவன் சார் டிஸ்க் தேடுவான்? புதுசு வாங்கிடுங்க" என்றார். அது வணிகரின் நியாயம். ஆனால் ஏட்டுச்சுவடிகள் கரையானுக்குப் பலியானதை மேடைதோறும் சொல்லி வருந்தும் இலக்கிய நண்பர்களும் அதையே சொன்னார்கள். "இதழ்கள்தான் அச்சில் இருக்கின்றனவே, ஸ்கேன் செய்துகொண்டால் போயிற்று" என்பது அவர்கள் வாதம்.

போகாது. டாம், டாப் குறியேற்றங்களை 1999இல் அரசு அறிவித்த பின்னும் அச்சகங்கள் பலவும் தத்தம் எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்துவந்தன. எங்கள் பேஜ்மேக்கர் கோப்புகளும் அத்தகையவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை தமிழாகத் தெரிவதில்லை. தட்டச்சு மென்பொருளோ, பிரிண்டர் துளையில் செருகும் பூட்டு இருந்தால்தான் இயங்கும். அந்தத் துளை இன்றைய கணினிகளில் இல்லை. அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்யலாம், சரி. அச்சேறாமல் நின்றுபோன மொழிபெயர்ப்புகளை எதிலிருந்து ஸ்கேன் செய்வது? மறைந்த கவிஞர் ஒருவர் தம் தொகுப்புக்கென எங்களுடன் அமர்ந்து திருத்திய இறுதி வடிவம் அந்த 80 ஜிபிக்குள் மட்டுமே இருந்தது.

ஒலி கேட்டதும் கணினியை அணைத்துவிட்டோம். தட்டைக் கழற்றி, மாற்றி ஒன்றின் வழியே வேறு கணினியில் இணைத்து முழுப்படி எடுத்தோம். பதினேழு கோப்புகள் திறக்கவில்லை. புதுத்தட்டு வாங்கும் பேச்சு அதற்குப் பின்புதான்.

வாங்கப் போனால் முதல் உபதேசம், "இருப்பதில் பெரியதாக வாங்குங்கள்" என்பது. பழைய கணினிக்கு இதைவிடத் தவறான அறிவுரை இல்லை. பழைய ஐடிஈ முறையின் 28 பிட் முகவரிக்கு எட்டுவது ஏறத்தாழ 137 ஜிபி வரைதான். அதற்கப்பால் செல்ல பயாஸும் இயங்குதளமும் இரண்டுமே இடங்கொடுக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கோடுதான் வாய்த்தது. எங்களிடம் உள்ள நிறுவல் குறுந்தகடோ 2001ஆம் ஆண்டினது. வேறிடத்தில் முழுதாகப் பகுத்துக் கொண்டுவந்த பெருந்தட்டை இத்தகைய கணினியில் பூட்டினால், எல்லையைத் தாண்டி எழுதும்போது தரவு சிதையக்கூடும். காப்பாற்ற வாங்கியதே அழித்துவிடும்.

அடுத்து, "புத்தம் புதிய" ஐடிஈ தட்டு. அவ்வகைத் தட்டுகளின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பலவாகின்றன. புதிதென்று விற்கப்படுவது கிடங்கில் கிடந்த சரக்கு, அல்லது எங்கோ ஓடிக் களைத்துச் சீராக்கப்பட்டது. பழமையின் மீது எங்களுக்கும் பற்றுண்டு. ஆனால் அந்தப் பற்றை, தேய்ந்த சுழலச்சு ஒன்றின் மேல் ஏற்றி வைக்க மாட்டோம்.

நாங்கள் தேர்ந்தது 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், அதை ஐடிஈ கம்பியோடு இணைக்கும் சிறு மாற்றிப்பலகையும். "அந்த ஓட்டை வண்டிக்குக் குதிரை எதற்கு?" என்று நகைத்தவர்கள் உண்டு. பழைய இணைப்பு வினாடிக்கு 133 மெகாபைட்டுக்கு மேல் தாங்காது என்பது மெய்தான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்றுக்கே எட்டு மில்லி வினாடிக்கு மேல் ஆகும் என்பதும் மெய். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை. கோப்பைத் தேடும் அந்தக் காத்திருப்பு மறைவதே பெரும் ஆதாயம். குறையும் உண்டு. எக்ஸ்பி தன் முதற்பகுதியை 63ஆம் செக்டாரில் தொடங்கும். அது எஸ்எஸ்டிக்கு ஒவ்வாது. ஆகவே லினக்ஸில் ஒரு மெகாபைட் தள்ளிப் பகுத்துவிட்டுப் பிறகே எக்ஸ்பியை நிறுவினோம். அழித்த இடங்களைத் தட்டுக்கு அறிவிக்கும் டிரிம் வசதியும் எக்ஸ்பிக்கு இல்லை என்பதால் கொஞ்சம் இடத்தைப் பகுக்காமலே விட்டிருக்கிறோம். இணையக் கம்பியைப் பிடுங்கியாயிற்று.

எஸ்எஸ்டியை ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி அலமாரியில் வைத்தால் அதன் நினைவு கசியக்கூடும். எனவே காப்புப்படி சாதாரண வன்தட்டிலும், இன்னொன்று வேறொரு நண்பர் வீட்டிலும். வன்தட்டுத் தொழிலில் எஞ்சியுள்ள மூன்று பெருநிறுவனங்களும், தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தட்டுகளை வாங்குவோருக்குச் சொல்லாமலே விற்றது 2020இல் அம்பலமானது. ஒருமுறை எழுதி வைக்கும் காரியத்துக்கு அதனால் பெருங்கேடில்லை. சொல்லாமல் விற்றதுதான் கேடு.

பதினேழில் ஐந்து கோப்புகளை மீட்டுவிட்டோம். கவிஞரின் தொகுப்பு முழுதாகத் திறந்தது. எஞ்சிய பன்னிரண்டும் 2005, 2006ஆம் ஆண்டுகளின் மொழிபெயர்ப்புகள். அவற்றின் மெய்ப்புத்தாள்கள் மொழிபெயர்ப்பாளர்களிடமோ வேறு எவரிடமோ இருந்தால் தெரிவியுங்கள். நேரில் வந்து பெற்றுக்கொள்கிறோம்.