கடைசிப் படகுக்கு முன் ஒரு கச்சேரி

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி இசைவிழாக்களில் கர்நாடக இசையும் சேர்ந்திசையும் ஒரே மேடைக்கு வரவேண்டும் என்ற தங்கள் கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த மேடை தீவகப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அங்கிருந்து யாழ். நகருக்குப் பஸ். சென்ற ஆண்டு நகரக் கல்லூரியொன்றின் விழாவுக்கு மகளைக் கூட்டிச் சென்றேன். கடல்நீர் தெறிக்காதபடி வயலின் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். முதன்மைக் கச்சேரி தொடங்கும் முன்பே கடைசிப் படகைப் பிடிக்க எழும்பிவிட்டோம். வழி முழுதும் அவள் பேசவில்லை.

இசை எங்களுக்குப் புதிதல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவின் நாதஸ்வரமும் தவிலும், ஊர்காவற்றுறைத் தேவாலயங்களின் பாடகர் குழுக்களும் கேட்டு வளர்ந்த மண் இது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கும் எங்கள் பிள்ளைகள் தோற்றுகிறார்கள்.

ஆகவே, விழாக்களின் ஒரு நாளையாவது ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி போன்றதோர் இடத்தில், காலை நிகழ்வாக நடத்துங்கள். யாழ். பல்கலைக்கழக இசை மாணவர்களும் வந்து பாடட்டும். கேட்ட இசையோடு பிள்ளைகள் பொழுதுபட முன் வீடு திரும்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
நெடுந்தீவு.