கடைக்காரருக்கு யார் ஓய்வு தருவது?

கொக்கட்டிச்சோலையில் இரவு ஒன்பது மணிக்கும் ஏதாவதொரு சிறு கடையில் வெளிச்சம் தெரியும். அந்நேரம் வாங்க வருபவர் எவரும் இல்லை. உள்ளே இருப்பவர் கடன் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருப்பார். அல்லது மேசையில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருப்பார். “ஏன் இன்னும் பூட்டவில்லை?” என்று கேட்டால், “பக்கத்துக் கடை திறந்துதானே கிடக்கு” என்பார். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாலும் இதே பதில்தான். ஒருவருக்குப் பயந்து மற்றவர் விழித்திருக்கிறார்.

படுவான்கரை மக்கள் பரம்பரை வியாபாரிகள் அல்லர். நெல்லும் மாடும் தோட்டமும் வாவி மீனுமே எமது சீவனோபாயம். 1990இலும் 2007இலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாவியைக் கடந்து ஓடியபோது விதைநெல்லும் மாடுகளும் கைவிட்டுப் போயின. திரும்பி வந்தவர்களில் சிலர் மீண்டும் வயலில் இறங்கினர். காணி இல்லாதவர்களும், குடும்பத்தின் உழைப்பாளியை இழந்த பெண்களும் கடன் எடுத்துச் சிறுதொழில் தொடங்கினர். பெட்டிக்கடை, இடியப்பம் அவித்தல், தையல், நெல் குற்றி அரிசி விற்றல், சைக்கிள் திருத்துதல் என்று இன்று பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இவற்றால்தான். இவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் வயலை விட்டபோது இவர்கள் இழந்த இன்னொன்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதுதான் ஓய்வு.

வயல் வேலை இலேசானது அல்ல. எனினும் அதற்கு ஒரு முடிவு உண்டு. மாரிமழையோடு விதைத்த பெரும்போக வெள்ளாண்மையை வெட்டி, சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்தபின் விவசாயியின் கைக்குச் சில காலம் வேலை இல்லை. அந்தக் காலத்தில்தான் எமது ஊர்களில் கூத்து வளர்ந்தது. அண்ணாவியார் சட்டம் கொடுத்ததிலிருந்து அரங்கேற்றம் வரை இரவிரவாகப் பழகுவார்கள். வட்டக்களரியில் விடியவிடிய ஆடுவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி வரும். பட்டிப்பொங்கலன்று உழவு மாட்டுக்கும் ஓய்வு உண்டு. ஓய்வெடு என்று எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பருவமே அதைத் தந்தது.

கடைக்குப் பருவம் இல்லை. மாறாக, மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் நாளே சிறு வியாபாரியின் பெரிய வேலை நாள். தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டத்துக்கு ஊரே திரளும்போது, கச்சான் விற்பவர் தேரின் வடத்தைத் தொட்டும் பார்த்திருக்கமாட்டார். முன்பு மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்திருந்த வேளையிலாவது நாலு பேருடன் கதைத்து மனப்பாரத்தை இறக்கினோம். 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது. அது பெரும் நன்மையே. ஆனால் அந்தக் காத்திருப்பும் அத்தோடு போய்விட்டது.

சட்டமும் இவர்களைக் கவனிக்கவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வேலையை வரையறுத்து, கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறையும் கொடுக்கிறது. தானே முதலாளியும் தானே தொழிலாளியுமாக இருப்பவருக்கு யார் லீவு கொடுப்பது? காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு ஒன்பது மணிவரை நிற்பவருக்கு நாளுக்கு 16 மணித்தியாலம், கிழமைக்கு 112 மணித்தியாலம் ஆகிறது. கிழமைக்கு 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்வோருக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்வோரைவிட 35 வீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021இல் கூறின. எமது கணக்கு அதன் இருமடங்கைத் தாண்டி நிற்கிறது.

களைப்பு ஏதோ ஒரு வழியைத் தேடும். ஆண்களில் பலர் சாராயத்தையும் கசிப்பையும் தேடுகின்றனர். அது ஓய்வு அல்ல. மறுநாள் முதலில் கைவைத்து வாங்கும் கடன் அது. பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. கடையைப் பூட்டியபின் அவர்களுக்குச் சமையல், பிள்ளைகள், கிணற்றடி என்று இரண்டாவது கடை திறக்கிறது. அன்று கூத்தின் இரவிலும் பெண்கள் களரியைச் சுற்றி இருந்து பார்த்தவர்களே. ஆகவே பழைய ஓய்வை அப்படியே மீட்டாலும் அது பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எம்மீதும் குற்றம் உண்டு. கிராமங்களில் சுயதொழில் பயிற்சி நடத்தியபோது கணக்கு எழுதச் சொன்னோம், சேமிக்கச் சொன்னோம், கடனைத் தவணை தவறாமல் கட்டச் சொன்னோம். ஒரு நாளாவது பூட்டி இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூட்டினால் யாவாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. தனியாகப் பூட்டினால் போகும்தான். ஆனால் எல்லோரும் ஒன்றாகப் பூட்டினால்? ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள எமது உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பெரும்பாலான கடைகள் பூட்டுத்தான். ஒருவருக்கும் நட்டம் இல்லை. வேண்டியதைச் சனம் சனிக்கிழமையே வாங்கிவிடுகிறது.

ஒன்றாகத் தீர்மானிப்பது எமக்குப் புதிதா? போகந்தோறும் ஆரம்பக் கூட்டத்தில் கூடி, விதைப்புக்குத் திகதி, தண்ணீர் திறக்கத் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தத் திகதி என்று எல்லாம் பேசி முடிக்கும் மக்கள் அல்லவா நாம்? அதே போல ஒரு வீதியின் கடைக்காரர்கள் கூடி, கிழமையில் ஓர் அரை நாளையும், இரவில் பூட்டும் ஒரு நேரத்தையும் தீர்மானிக்க முடியாதா? பிள்ளையின் மருந்துக்கோ பால்மாவுக்கோ யாரும் வந்தால் முறைவைத்து ஒருவர் கொடுக்கலாம். கிழமைக் கட்டுக்காசு வாங்க வருபவரிடமும் அந்த அரை நாளில் வரவேண்டாம் என்று சங்கமாகச் சொல்லலாம். தவணைக்காகவே பூட்டமுடியவில்லை என்றால், கடன் எமது பலத்துக்கு மிஞ்சியது என்று பொருள். 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசாங்கமே முன்வர நேர்ந்ததை நினைவில் கொள்வோம்.

அந்த அரை நாளில் என்ன செய்வது என்று நாம் சொல்லப்போவதில்லை. உறங்கலாம். பிள்ளையுடன் வாவிக்கரையில் தூண்டில் போடலாம். மத்தளம் கிடக்கும் வீட்டைத் தேடிப் போகலாம். ஒன்று மட்டும் கேட்கிறோம்: அந்த அரை நாளில் அடுப்படி வேலையை ஆண்கள் பொறுப்பேற்கட்டும். இல்லாவிட்டால் அது பாதிக் குடும்பத்தின் ஓய்வாகவே முடியும்.

யுத்தம் எம்மிடமிருந்து பறித்தவற்றில் பலவற்றைத் திரும்பப் பெற இன்னும் பலரிடம் கையேந்தி நிற்கிறோம். இதை மட்டும் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் பேசினால் போதும். இந்தக் கிழமையே பேசுவோமா?