கடிக்கச் சொல்லிக் கொடுத்தீங்க, விடச் சொல்லிக் கொடுத்தீங்களா?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நான் எழுதுறதைத் தொடர்ந்து படிக்கிறவராம். "ஐயா, உங்க பக்கம்தானே ராஜபாளையம் நாய். நல்ல குட்டியா ஒண்ணு பார்த்துக் கொடுங்க. கடிக்கப் பழக்க இங்க ஆள் இருக்கு"ன்னார். முடியாது தம்பின்னு சொல்லிட்டேன். கோபம் வந்திருச்சு அவருக்கு. காரணத்தை எழுதுறேன், படிங்கன்னு சொல்லி வச்சேன்.

எங்க அப்பா காலத்திலேர்ந்து தோட்டத்தில் நாய் இல்லாத நாள் கிடையாது. மலையடிவாரம். கடலை போட்டாலும் பன்னி வரும், தென்னம்பிள்ளை வச்சாலும் பன்னி வரும். ராத்திரி நாய் குரைக்கிற தினுசிலேயே வந்தது பன்னியா, நரியா, மனுசனான்னு தெரிஞ்சிடும். நாங்க எழுந்து டார்ச் லைட்டை எடுத்துட்டுப் போவோம். நாய்க்கு வேலை அம்புட்டுதான். சேதி சொல்றது அது, போய்ப் பார்க்கிறது நாங்க. கடிக்கணும்னு எந்த நாய்க்கும் நாங்க பாடம் எடுத்ததில்லை.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, எங்க அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கூடவே ஒரு பெல்ஜியன் மாலினாய்ஸ் நாய். ராணுவத்திலும் போலீசிலும் வச்சிருக்கிற இனம். "இருபது நாள் ட்ரெயினிங் கொடுத்திருக்கேன் சித்தப்பா, பாருங்க"ன்னான். ஒரு சாக்கு கேட்டான். கொட்டகையிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் தடிமனாச் சுத்திக்கிட்டு ஓடினான். நாய் பாய்ஞ்சு வந்து சாக்கைக் கவ்வித் தொங்குச்சு. கூடியிருந்த சனமெல்லாம் கை தட்டுச்சு. நானும் தட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மறுநாள் காலையில் களை எடுக்கிற அக்கா வந்தாங்க. போகும்போது ஆட்டுக்குப் புல் அறுத்துட்டுப் போவாங்க, அதுக்காக முழங்கையில் ஒரு காலிச் சாக்கை மடிச்சுப் போட்டிருந்தாங்க. நாய் அவிழ்த்து விட்டிருந்துச்சு. ஒரு குரைப்பு இல்ல, உறுமல் இல்ல. நேரா வந்து அந்தக் கையைப் பிடிச்சிடுச்சு. அண்ணன் மகன் "அவுட், அவுட்"னு கத்துறான். விடல. கழுத்துப்பட்டையைப் பிடிச்சு முறுக்கித்தான் பிரிச்சோம். குழாயடியில் உட்கார வச்சுக் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கடிவாயைச் சுத்தியும் ஊசி, அப்புறம் தவணை தவணையா ஊசி. ஒரு மாசத்துக்கு மேல அரிவாள் பிடிக்க முடியல. செலவை அவன் கொடுத்தான், கூலியை நான் கொடுத்தேன். ஆனா அந்த அக்கா கேட்டதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல. "நான் என்ன தம்பி செஞ்சேன், சாக்குதான வச்சிருந்தேன்?"

பழக்கினவருக்கு போன் போட்டான். அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நானே கேட்டேன். "நாய் சரியாத்தான் சார் வேலை செஞ்சிருக்கு."

எனக்கு அடங்கல. பக்கத்து ஊரில் ஒருத்தர் ராணுவ நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கிட்டப் போய் உட்கார்ந்தேன். அவர் விளக்கின பிறகுதான் இது எம்புட்டுப் பெரிய கலைன்னும், நம்ம ஊரில் இதில் பாதியை மட்டும் விக்கிறாங்கன்னும் புரிஞ்சுது.

ஜெர்மனியில் நூறு வருசத்துக்கும் மேலா இதுக்குப் பரீட்சை இருக்கு. பழைய பேர் ஷுட்ஸ்ஹுண்ட், இப்ப ஐ.ஜி.பி. மூணு பாடம். மோப்பம், கீழ்ப்படிதல், காவல். ஒவ்வொண்ணுக்கும் 100 மார்க். ஒண்ணரை வயசு ஆகாத நாயைச் சேர்க்கவே மாட்டாங்க. அதுக்கும் முன்னாடி, சனங்களும் வண்டியும் போற இடத்தில் சாந்தமா நடக்குதான்னு தனியா ஒரு பரீட்சை. காவல் பாடத்தில் ஒரு ஆள் மறைவில் அசையாம நிப்பார். நாய் அவரைக் கண்டுபிடிச்சு முன்னால நின்னு குரைக்கணும். அசையாம நிக்கிறவரைக் கடிக்கக் கூடாது. அவர் ஓடினாலோ, தாக்க வந்தாலோதான் கையுறையைக் கவ்வலாம். விடுன்னு சொன்னதும் விடணும். மூணு தடவை சொல்லியும் விடாத நாயை அங்கேயே வெளியே அனுப்பிடுவாங்க.

அங்கேயும் கையுறைக்கு மேலே சணல் துணிதான். நாய்க்கு அது ஒரு விளையாட்டுச் சாமான், பிடுங்கி ஜெயிக்கணும். அதை மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்திட்டா, சாக்கு எங்க இருக்கோ அங்க பாயும். சாக்குக்குள்ள இருக்கிறது யார் கைன்னு அதுக்கென்ன தெரியும்? நம்ம ஆளுங்க இருபது நாளில் பாயச் சொல்லிக் கொடுத்துட்டு, வீடியோ எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிட்டுப் போறாங்க. விடச் சொல்லிக் கொடுக்கத்தான் மாசக்கணக்கில் ஆகும். அதை வீடியோ எடுத்தா யார் பார்க்கிறா?

எங்க ஊர்க்காரங்களையும் நான் விடுறதா இல்ல. கோபம் வரணும்னு குட்டியை இருட்டில் கட்டிப் போடுறது, கல்லை விட்டெறியுறது எல்லாம் இங்கயும் உண்டு. அப்படி வளர்ந்தது பயத்தில் கடிக்கும். பயந்த நாய் வீட்டுப் பிள்ளையையும்தான் கடிக்கும். அதுக்குப் பேர் வீரம் இல்ல.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதுச்சு. அடுத்த மாசமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. எந்த இனம், எந்த இனம்னுதான் ஊரெல்லாம் பேச்சு. பழக்குறவன் யாரு, அவன் என்ன கத்துக்கிட்டு வந்தான்னு கேட்ட ஆளை நான் பார்க்கல.

"திருட்டு பயம் ஐயா"ன்னு அந்தத் தம்பி சொன்னார். இருக்கட்டும். உங்க வாசலுக்குத் திருடன் என்னைக்கோ ஒரு நாள் வருவான். பால் பாக்கெட் போடுறவர், தண்ணி கேன் தூக்குறவர், சிலிண்டர் பையன், சாப்பாடு கொண்டு வர்ற பிள்ளை எல்லாம் தினமும் வர்றாங்க. எல்லார் கையிலும் ஏதோ ஒரு பை இருக்கு. கடி வாங்கப் போறது அவங்கதான். நாயை அசட்டையா வச்சிருந்து ஆபத்து வந்தா, பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் 6 மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். ஆனா கூலிக்காரங்க எத்தனை பேர் கேஸ் போடுவாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ராஜபாளையம் நாய்க்கு அந்நியர் தொட்டாலே பிடிக்காது. காவல் அதோட ரத்தத்திலேயே இருக்கு. மேற்கொண்டு கடிக்க வேற பழக்கணுமா? இன்னொண்ணு, வெள்ளைக் குட்டிகளில் சிலது காது கேட்காமலே பிறக்கும். நீங்க விடுன்னு கத்தினா அதுக்குக் கேட்கவே கேட்காது.

தம்பி, குட்டி வேணும்னா நேரில் வாங்க. ரெண்டு நாள் தங்குங்க. காது கேட்குதான்னு சோதிச்சு எடுத்துட்டுப் போங்க. கூப்பிட்டா வரணும், வாயில் எலும்பே இருந்தாலும் விடுன்னா விடணும். ஒரு வருசம் இதை மட்டும் பழக்குங்க. அப்புறமும் கடிக்கத்தான் பழக்கணும்னு தோணுச்சுன்னா எனக்கு போன் பண்ணாதீங்க.

அந்த அக்கா இப்பவும் எங்க தோட்டத்துக்கு வர்றாங்க. புல்லைப் பழைய சேலையில்தான் கட்டிட்டுப் போறாங்க. எங்க கிழட்டு நாய்க்குக் குட்டியா இருந்தப்ப கஞ்சி ஊத்தினதே அவங்கதான். இன்னைக்கு அது வாலை ஆட்டிட்டுக் கிட்ட வந்தாலும், கையில் ஒரு குச்சி இல்லாம அவங்க தாண்டிப் போறதில்லை.